பேக்கர்ஸ்ஃபீல்டா, நாஷ்வில்லா?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி இசையின் பழைய பாட்டுகளை மறுபடி வாசிக்கும் அஞ்சலிக் கச்சேரி என்றால், நாஷ்வில், பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற இரண்டு ஊர்ப் பாணிகளில் எதை மேடையில் கேட்பது? என் ஓட்டு பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு.

டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் 1950களின் கடைசியில் வயலின் வரிசையும் கோரஸும் சேர்த்துப் பாட்டை வழவழப்பாக்கினார்கள். ஸ்டுடியோவில் பிறந்த அழகு. நாலு பேர் மட்டும் மேடையேறி வாசித்தால் சப்பென்று இருக்கும்.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு கதையே வேறு. 1930களின் புழுதிப்புயல் காலத்தில் ஓக்லஹோமா பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர். பருத்திக் காட்டிலும் எண்ணெய் வயலிலும் உழைத்தவர்கள் ராத்திரி ஆட, மதுக்கடைகளில் வாசித்த இசை அது. அந்தக் கூச்சலை மீறிக் கேட்க வேண்டாமா? அதற்குத் தோதாக வாய்த்தது ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரமாகத் தந்தியைச் சுண்டினால், தகரக் கூரையில் ஆணி விழுந்த மாதிரி 'ணங்' என்று கேட்கும்.

இந்தப் பாணியின் நட்சத்திரப் பாடகர் பக் ஓவன்ஸ் பாடும்போது, அவர் குழுவின் டான் ரிச் கிதாரை வாசித்துக்கொண்டே மேல்குரல் சேர்ப்பார். அஞ்சலிக் குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிதார் தேறிவிடும், அந்த ஒட்டிய குரல் லேசில் வராது. இதே பாணியின் இன்னொரு பாடகர் மெர்ல் ஹாகர்டு பாட்டுகளோ இன்னும் கஷ்டம். சான் குவென்டின் சிறையில் இருந்துவிட்டு வந்த மனிதரின் அலட்டாத குரலை யார் நடிப்பது?

நாஷ்வில்லை வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.