போலியோவைத் தேடும் இந்தியக் கண்காணிப்பு: எங்கே உறுதி, எங்கே ஓட்டை

இந்தியாவில் 1997 முதல் நடந்துவரும் தளர்வாதக் கண்காணிப்புக்கு, அதாவது திடீரென்று கை கால் துவண்ட பிள்ளைகளைத் தேடிப் போலியோவா என்று பார்க்கும் வேலைக்கு, மதிப்பெண் போடச் சொன்னால், வகுத்த விதத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தாராளமாகத் தரலாம். களத்தில் நடப்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

இதன் பலமே, போலியோ என்று உறுதியாகும்வரை காத்திருக்காததுதான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டுபோனால், காரணம் எதுவானாலும் தகவல் தர வேண்டும். கில்லன் பாரே என்ற நரம்பு நோய், முதுகுத்தண்டு அழற்சி, பிட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசியால் நரம்பு கெட்டது எல்லாமே கணக்கில் வரும். போலியோவே இல்லாத ஊரிலும் அந்த வயதில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவராவது இப்படி அகப்பட வேண்டும். இந்தியா இரண்டு என்று இலக்கு வைத்தது. அந்த எண்ணைக்கூடத் தொடாத மாவட்டம் ‘எங்களிடம் போலியோ இல்லை’ என்றால் நம்ப வேண்டாம். அங்கே சரியாகத் தேடவில்லை, அவ்வளவுதான். நாட்டு வைத்தியர்களையும் பட்டமில்லாத ஊசி வைத்தியர்களையும்கூடத் தகவலாளிகளாகச் சேர்த்தது கெட்டிக்காரத்தனம். துவண்ட பிள்ளையைப் பலர் முதலில் தூக்கிப் போவது அங்கேதான்.

தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதன்பின் மல மாதிரி. வேலை அதிகமாகக் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் இரண்டு மாதிரி வேண்டும். இரண்டுக்கும் குறைந்தது 24 மணி நேர இடைவெளி. வைரஸ் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறாது, இரண்டு வாரத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொன்றும் எட்டு கிராம், அதாவது பெரியவர் கட்டைவிரல் அளவு. திருகுமூடி டப்பாவில் போட்டு, மருந்து எதுவும் கலக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைந்த ஐஸ் பேக்குகளோடு பெட்டியில் வைக்க வேண்டும். படிவத்துக்குத் தனி உறை. ஐஸ் உருகி நனைந்தால் எழுத்து போய்விடும். மாதிரி ஏற்றிய பெட்டியில் மறுபடி தடுப்பு மருந்து வைக்கவே கூடாது. 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். சேரும்போது பெட்டியில் ஐஸ் மிச்சமிருக்க வேண்டும். ஒழுகியிருந்தாலும் காய்ந்துபோயிருந்தாலும் அந்த மாதிரி தேறாது. துவண்ட பிள்ளைகளில் 80 சதவீதம் பேரிடமாவது இப்படித் தேறும் மாதிரி எடுப்பதே இலக்கு.

தாமதமானால் 60 நாள்வரை மாதிரி எடுக்கலாம், ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. மாதிரி தேறாத பிள்ளையை 60 நாளுக்குப் பிறகு மறுபடி பார்க்கும்போது பலவீனம் நீடித்தாலோ, பிள்ளை இறந்திருந்தாலோ, குடும்பம் இடம்பெயர்ந்து போயிருந்தாலோ, அது போலியோவா என்று நிபுணர் குழு தீர்மானிக்கும். ‘போலியோவாக இருந்திருக்கலாம்’ என்று அது எழுதும் ஒவ்வொரு கோப்பும் கண்காணிப்பு கோட்டைவிட்ட இடம்.

ஆய்வகங்களைக் குறை சொல்ல அதிகமில்லை. சென்னை கிண்டி கிங் நிலையமும் அந்தச் சங்கிலியில் உண்டு. மனிதரின் போலியோ ஏற்பியை (வைரஸ் செல்லில் பற்றிக்கொள்ளும் புரதத்தை) பொருத்திய எலிச் செல்லில் வைரஸை வளர்த்து, அது இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸா, சொட்டு மருந்திலிருந்து மாறியதா என்று பிரிக்கிறார்கள். மரபணு வரிசையைப் பார்த்து எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. 2009இல் 741 பேருக்குப் போலியோ, மறு ஆண்டு 42, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை என்ற கணக்கை உலகம் ஏற்று, 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்று சான்று தந்தது இந்த வேலையின் தரத்தால்தான்.

கழிவுநீர்ச் சோதனை, மும்பையில் 2001இல் தொடங்கியது, நல்ல துணை. தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் வாதம் வரும் என்பதால், கால் துவளும் முன்பே சாக்கடை காட்டிக்கொடுக்கும். ஆனால் எந்த வீடு என்று சொல்லாது. சாக்கடையே இல்லாத பீகாரின் கோசி ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு இதனால் பெரிய பயனில்லை.

பலவீனமான கண்ணி பெரும்பாலும் பெரிய மருத்துவமனைதான். ‘இது கில்லன் பாரே, எனக்கே தெரியும்’ என்று மருத்துவர் தகவல் தராமல் விடுவது வழக்கமான தவறு; அதற்குள் 14 நாள் ஓடிவிடும். வாராவாரம் ‘இல்லை’ என்று வரும் அறிக்கையை மட்டும் வைத்துத் திருப்திப்படக் கூடாது. அலுவலர் நேரில் போய்ப் புறநோயாளி, நரம்பியல், பிசியோதெரபி பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். கால் பலவீனம் என்று பிசியோதெரபியில் பெயர் இருந்து, தகவல் பட்டியலில் இல்லையென்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தப் பிள்ளையை.