வாட்ச்சுக்குள் தண்ணீர்: வாட்டர் லாக், சிலிக்கா ஜெல், சர்வீஸ் சென்டர் - எது எவ்வளவு உதவும்?

ஆப்பிள் வாட்ச், கேலக்ஸி வாட்ச் இரண்டிலும் இருக்கும் வாட்டர் லாக் நல்ல வசதி. ஆன் செய்தால் தொடுதிரை பூட்டிக்கொள்ளும். அணைக்கும்போது ஸ்பீக்கர் ஒலி எழுப்பி, அந்த அதிர்வில் துளைக்குள் தேங்கிய நீரை வெளியே தள்ளும். நீச்சலுக்குப் பிறகு குரல் அமுங்கிக் கேட்டால் சில தடவை இதைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் வேலை அவ்வளவுதான். கேஸுக்குள், அதாவது வாட்ச்சின் உடலுக்குள், நீர் புகுவதை அது தடுக்காது, புகுந்த நீரை எடுக்கவும் எடுக்காது.

கண்ணாடிக்கு அடியில் ஆவி படிந்திருந்தால் நீர் உள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம். உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட சார்ஜரில் வைக்காதீர்கள். ஈரமான சர்க்யூட் போர்டில் மின்சாரம் ஓடும்போதுதான் உலோகத் தடங்கள் வேகமாக அரிக்கும். உப்புநீரென்றால் இன்னும் மோசம்.

அரிசியில் புதைப்பதால் பயனில்லை. மாவுத்தூசி துளைகளை அடைப்பதுதான் மிச்சம். ஹேர் ட்ரையரை அண்டவே விடாதீர்கள். திரையைக் கழற்ற மெக்கானிக் செய்வதும் சூடாக்கிப் பசையை இளக்குவதுதானே! ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பரவாயில்லை. ஸ்ட்ராப்பைக் கழற்றி, காற்றுப்புகாத டப்பாவில் ஜெல் பைகளோடு 48 மணி நேரம் வையுங்கள். ஈரம் குறையும், உள்ளே படிந்த உப்பும் சோப்பும் அப்படியே இருக்கும். அதனால் இதை முதலுதவியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முழுத் தீர்வு திரையைத் திறந்து செய்யும் சர்வீஸ்தான், அதிலும் செய்கிற விதம் முக்கியம். திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். பிறகு போர்டை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். 70% ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது வேண்டாம். கனெக்டர் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. பேட்டரி உப்பியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டி எடுத்து, அந்த மாடலுக்கென வெட்டிய புதிய கேஸ்கெட்டை (நீர் புகாமல் அடைக்கும் பட்டையை) ஒட்ட வேண்டும். கடைகளில் அதிகம் புழங்கும் பி-7000 பசை திரையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கையால் இடும் கோடு ஓரிடத்தில் மெலிந்தாலும் அங்கே நீர் வழி கண்டுபிடித்துவிடும். முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஒட்டிய சூட்டோடு வாங்கி வராதீர்கள்.

கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: ஒட்டிய பிறகு, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் காற்றழுத்தச் சோதனை செய்வீர்களா? "காயவைத்துத் தருகிறோம்" என்று மட்டும் சொல்லும் கடைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாட்ச்சின் நீர்த்தடுப்பைக் குறிக்கும் 5 ஏடிஎம் (50 மீட்டர் ஆழத்து நீரழுத்தம்) என்பது ஆய்வகத்தில், புது வாட்சில், அசையாத அழுத்தத்தில் கிடைத்த மதிப்பு. சோப்பு, சன்ஸ்கிரீன், நீராவிக் குளியல் எல்லாம் சீலைத் தளர்த்தும். சோதிக்காமல் ஒட்டிய வாட்ச்சுக்கு அந்த மதிப்பு செல்லாது. கை கழுவும்போதுகூடக் கழற்றி வையுங்கள்.