தி.நகர் ஜவுளிக்கடையா, மால் ஷோரூமா? சூப்பர்வைசர் வேலை ஒப்பீடு

தி.நகர் ஜவுளிக்கடைகளில் ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு முதலாளி கண்ணில் படுவதுதான் முன்னேற்றம். புடவை ரகமும் கூட்டத்தைச் சமாளிக்கும் வித்தையும் ஒரு ஆடித் தள்ளுபடி, ஒரு தீபாவளியிலேயே கைவந்துவிடும். பல கடைகளில் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. ஆனால் அதற்கு மேலே? மேனேஜர் நாற்காலி பெரும்பாலும் முதலாளியின் உறவினருக்குத்தான்.

மால் ஷோரூமில் மாத டார்கெட், ஸ்டாக் கணக்கு, ரிப்போர்ட் என்று வேறு தலைவலி. டார்கெட் தவறினால் இன்சென்டிவ் போச்சு. இருந்தாலும் இளவயதுக்காரருக்கு நான் மால் ஷோரூமைத்தான் சொல்வேன்: ஸ்டோர் மேனேஜர், ஏரியா மேனேஜர் என்று அடுத்த படி கண்ணுக்குத் தெரியும், வேறு கம்பெனியிலும் அந்த அனுபவம் செல்லும்.

ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்ற 2021 தமிழ்நாடு சட்டத் திருத்தம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். அப்புறம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்றால் இஎஸ்ஐ (ஊழியருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) வரம்புக்கு வெளியே. அப்படியானால் வேறு மருத்துவக் காப்பீடு உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.