வீட்டுக்குள் ஒரு குட்டி டவர்: லண்டனில் ஆறு வருடம், திருமலையில் அலுமாரி மேல்

அம்மாவின் மருந்துத் துண்டுகள் கச்சான் காற்றில் பறக்காமலிருக்க, அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் பழைய ரவுட்டர் என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு போன் டவர். லண்டனில் எங்கள் வீட்டில் ஆறு வருடம் உழைத்தது. 2019 இல் திருகோணமலையில் உள்ள உவர்மலைக்குத் திரும்பியபோது, இங்கே வேலை செய்யாது என்று தெரிந்துதான் சூட்கேசுக்குள் வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

இதற்குப் பெம்டோசெல் என்று பெயர். போன் கம்பனிக்கு உரிமையான அதே அலைவரிசையில், ஏறத்தாழ 20 மில்லிவாட் அளவு வலுவில், வீட்டுக்குள் மட்டும் அலை பரப்பும். வருகிற கோலை நம் வீட்டு இணைய இணைப்பின் வழியே, ஐபிசெக் என்ற பூட்டிய குழாய்க்குள் போட்டுக் கம்பனியின் வலையமைப்புக்கு அனுப்பும். போனுக்கு வித்தியாசம் தெரியாது, பக்கத்தில் டவர் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பிரித்தானியாவில் வோடபோன் 2009 இல் இதை விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் அதற்கும் முந்தியது.

லண்டனில் எங்களுடையது நிலமட்டத்துக்குக் கீழே இருந்த வீடு. குளியலறை ஜன்னலோடு ஒட்டி நின்றால்தான் கதைக்கலாம். பெட்டியைக் கொண்டுவந்த முதல் இரவு முழுக்க விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. ஐபிசெக் குழாய் போய்வர வேண்டிய வாசல்கள், அதாவது ரவுட்டரில் யூடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகள், அடைபட்டுக் கிடந்ததுதான் காரணம். அவற்றைத் திறந்துவிட்டுப் படுத்தேன், விடிய எழும்பிப் பார்த்தால் சிக்னல் முழுதாக இருந்தது. குரலுக்கு அது எடுப்பது சொற்பம். குரலைச் சுருக்கி நொடிக்கு 12.2 கிலோபிட் ஆக்கும், அதன் மேல் ஐபிசெக் உறை போட்டாலும் ஒரு வீடியோவுக்குக் கிட்டவும் வராது.

ஆனால் அதற்கென்று சில குணங்கள் இருந்தன. கதைத்தபடியே வீட்டை விட்டு வெளியே போகலாம், கோலை வெளி டவரிடம் கைமாற்றிவிடும். வெளியே கதைத்துக்கொண்டு உள்ளே வந்தால் மாற்றாது, வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் கோல் அறும். வெளி டவருக்கு நகரம் முழுக்க முளைத்த இந்தக் குட்டிகளில் எது என் வீட்டுக்குரியது என்று பிரித்தறியத் தெரியாததுதான் பிரச்சினை. ஆறு வருடமும் பஸ்ஸால் இறங்கி வந்து, கதை முடியும்வரை குளிரில் படியில் நின்றேன்.

இன்னொன்று, பதிந்த நம்பர்களை மட்டுமே அது ஏற்கும். ஒரு கல்யாணத்துக்குச் சொந்தக்காரர் வந்து நிறைந்தபோது, தேத்தண்ணி கொடுக்க முன்னமே நம்பர் கேட்டு எழுதினேன். மச்சான் சிரித்துவிட்டுக் கொடுக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு முன்பு கிடைத்த துளி சிக்னலும் போனது. அதே அலைவரிசையில் பெட்டி உரத்துப் பேசும்போது, உள்ளே இடமில்லாத போனுக்குத் தூரத்து டவர் காதில் விழாது. பூட்டிய பட்டியலின் பக்கவிளைவு இது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தந்தது கணக்குத்தான். பெட்டி என் காசு. கரண்ட் என் காசு, 10 வாட் என்றாலும் மாதம் 7 யூனிட். இணையமும் என் காசு. அவர்களுடைய சிக்னல் ஓட்டையை நான் அடைத்துக் கொடுத்தேன். அப்படியிருந்தும் பெட்டி வழியே போன டேட்டாவை என் மொபைல் பக்கேஜிலேயே கழித்தார்கள். இந்தத் தொழில் வீடுகளில் வேர்பிடிக்காமல் போனதற்கு நுட்பத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2007 இல் பெம்டோ ஃபோரம் என்று தொடங்கிய இத்தொழிலின் சங்கம் 2012 இல் ஸ்மோல் செல் (சிறு தளம்) ஃபோரம் ஆனது. வீட்டை விட்டு அலுவலகம், கடைத்தொகுதி, தெருக்கம்பம் என்று பார்வை விரிந்துவிட்டதைப் பெயரே சொன்னது.

திருமலையில் ஏன் வேலை செய்யாது? அது தேடுவது தன் தாய்க் கம்பனியின் வலையமைப்பு வாயிலை. சுற்றியிருக்கும் டவர்களையும் இணைய முகவரியையும் பார்த்து, தான் இடம் மாறிவிட்டதை அறிந்துகொள்ளும். அப்படியே வேலை செய்தாலும், அனுமதியில்லாமல் அலை பரப்புவது இங்கே 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி பிழை. கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டர்களுக்கும் இதே கதைதான். அவை பக்கத்து டவரையே குழப்பும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

உவர்மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல்மலை. பின்னறையில் வங்கியின் ஓடிபி வரவே வராது. பைபர் இணைப்பு எடுத்து, டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியே கோல் போகும் வைஃபை கோலிங்கைப் போட்ட பிறகுதான் நிம்மதி. உள்ளே நடப்பது பழைய பெட்டியின் வேலையேதான். அதே ஐபிசெக் குழாய், அதே மாதிரி கம்பனி வாசலில் ஒரு வாயில், நடுவில் பெட்டி மட்டும் இல்லை. தனிப் பெட்டியும் தேவையில்லை, அலைவரிசைச் சிக்கலும் இல்லை. ஓடிபியும் வருகிறது. 2014 இல் ஐபோனின் ஐஓஎஸ் 8 இந்த வசதியோடு வந்தபோதே வீட்டுப் பெம்டோசெல்லின் கதை பாதி முடிந்துவிட்டது.

கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுதான். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கினேன். இன்றுவரை வீட்டில் ஆகப் பயன்பட்ட பொருள் அது.

பெட்டி வென்ற இடமும் ஒன்று உண்டு. நம்பர் பதிந்திருந்தால் அது என்ன மொடல் என்று கேட்காது, பட்டன் போனாக இருந்தாலும் 3ஜி இருந்தால் போதும். வைஃபை கோலிங்குக்கு போன் மொடலும் ஒத்துவர வேண்டும், கம்பனியும் அந்த மொடலுக்குத் திறந்துவிட வேண்டும். அதனால் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் தடித்த கொங்கிரீட் கட்டிடங்களுக்கும் இந்தக் குட்டி டவர்கள் இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரே பெட்டி எல்லாக் கம்பனி சிம்முக்கும் வேலை செய்ய வேண்டும். கம்பனிக்கு ஒன்றாக மூன்று நாலு பெட்டியை எந்த முதலாளி சுவரில் அடிப்பார்? 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், ஆகவே உள்ளறைப் பிரச்சினை தீரப்போவதில்லை. அமெரிக்காவில் 2020 முதல், பெரிய கம்பனி அல்லாதவர்களும் 3550 முதல் 3700 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் சிறு தளங்கள் வைக்க வழி திறந்திருக்கிறார்கள். அப்படியொரு கதவு இங்கேயும் திறந்தால் நானே முதலில் ஒன்று வாங்குவேன்.

அம்மாவிடம் நெடுநாள் பட்டன் போன்தான் இருந்தது. மணி அடித்தால் முற்றத்து வேப்பமரத்தடிக்கு ஓடுவா, அவவுக்குச் சிக்னல் கிடைத்த இடம் அது. போன மாதம் ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்து, "இனிப் பின்னறையிலேயே இருந்து கதைக்கலாம் அம்மா" என்றேன். தலையாட்டினா. அடுத்த கோல் வந்ததும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கே நடந்தா. பாதி முற்றத்தில் வைஃபை விட, கோல் அறுந்தது.

"பார், உன்ர புதுப் போனும் இப்பிடித்தான்."