பிராஸ் பாசா பழைய படக் கடை: ரயில் பைத்தியங்கள் போகலாம்
சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கும் அந்தப் பழைய புகைப்படக் கடைக்கு நான் போவது ஒரே விஷயத்துக்குத்தான்: 1930களில், காற்றைக் கிழித்துப் போக வழவழவென்று உறை போட்ட ரயில்களை நீராவி எஞ்சின் இழுத்துப்போகும் படங்கள். பிரிட்டனின் மல்லார்டு கேட்டால் கட்டுக்கட்டாக எடுத்துப் போடுவார்கள். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின், அதன் படம் எங்கேதான் கிடைக்காது? நான் தேடியது 1934இல் வடகிழக்குச் சீனாவின் தாலியனிலிருந்து ஓடத் தொடங்கிய ஆசியா எக்ஸ்பிரஸ், அதுவும் முழு ரயிலாக. எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னால் வரும் பெட்டிகளை வெட்டிவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

கிடைத்தது! அந்த ரயிலை இழுத்த பாஷினா எஞ்சின், 2 மீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள், பின்னால் வரிசையாகப் பெட்டிகள், படத்தின் ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசித் தடம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அச்சுப் புள்ளிகள் இல்லை, அசல் புகைப்படத்தாள்தான். கடைக்கார அங்கிள் அவசரப்படுத்தவே இல்லை, சரி, அதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆனால் எதிலும் விலை ஒட்டவில்லை, ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறார், பேரம் பேசுங்கள். நாடுவாரியாகக்கூடப் பிரித்து வைக்கவில்லை. மலாயா ரயில்வே என்று எழுதிய அட்டைப்பெட்டிக்குள் அமெரிக்காவின் ஹயவத்தா ரயில் படம் கிடக்கிறது. அப்புறம், கார்டு வாங்கமாட்டார்கள், ஃபோனிலேயே பணம் அனுப்பும் பேநவ் உண்டு. சனிக்கிழமை கூட்டம் அதிகம், வேலை நாளில் மதியம் போங்கள்.