கணவர் கையில் கொடுத்த கிரைண்டர்: 2 லிட்டர் டில்டிங் மாடல் பற்றி

மேசைமேல் வைத்து, பாத்திரத்தைச் சாய்த்து மாவை எடுக்கும் 2 லிட்டர் டில்டிங் கிரைண்டரைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் நல்ல வார்த்தைகள் எல்லாம், மாவாட்டத் தெரிந்த ஒருவர் அதன் முன் நிற்பார் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுபவை. எங்கள் வீட்டில் அந்த நம்பிக்கை செல்லுபடியாகவில்லை. வாரக் கடைசியில் மாவாட்டும் பொறுப்பை என் கணவர் தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆகவே இயந்திரத்தின் நிறைகுறைகளோடு, அவருடைய உதவியை அது எந்த அளவுக்குத் தாங்கியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்தவற்றில் பெரும்பகுதிக்கு அவர்கள் பொறுப்பல்ல.

முதலில் இயந்திரத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது வெறும் அலங்காரத்துக்கு அல்ல என்பது, ஊறிய உளுந்தை இதில் அரைத்துப் பார்த்தால் தெரியும். அடியில் கல் பதித்த எவர்சில்வர் பாத்திரம் சுழல, மேலே இயந்திரத்தின் கை போன்ற தண்டில் பொருத்தப்பட்ட கூம்பு வடிவக் கருங்கற்கள் அதன்மேல் அழுந்தி உருள்வதால், மிக்சியைப் போல மாவு சூடேறுவதில்லை. அரைமணி நேரத்தில் உளுந்து வெண்ணெய் போலப் பந்தாகத் திரண்டு வருகிறது. 2011-இல் தமிழக அரசு மிக்சி, மின்விசிறியோடு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய கிரைண்டர் ஒன்று என் மாமியார் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதனோடு ஒப்பிட்டால் இதில் சத்தம் குறைவு, கற்களைக் கழற்றிக் கழுவுவதும் எளிது.

இனி உதவியின் வரலாறு. அரிசியும் உளுந்தும் கடைசியில் ஒரே பாத்திரத்தில்தானே சேரப் போகின்றன, தனித்தனியாக ஆட்டி மின்சாரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவருடைய முதல் கேள்வி. கேள்வியில் தர்க்கம் இருந்தது, இட்லியில் இல்லை. உளுந்து நன்றாக அரைபட்டுக் காற்றை உள்வாங்கிப் பொங்க வேண்டும். அரிசி மெல்லிய ரவைப் பதத்தில் நின்றுவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி மையாகிறது, உளுந்து உப்ப மறுக்கிறது. அன்று வெந்து வந்தவற்றை அடுக்கி வைத்தால் காகிதக்கட்டுக்கு மேல் எடையாக வைக்கலாம். இதில் கிரைண்டரின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் உடன் வரும் கையேடு, திருகாணிகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, எதை முதலில் ஆட்டுவது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உண்மையான குறை அடுத்த நிகழ்ச்சியில்தான் வெளிப்பட்டது. 2 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பாத்திரத்தின் கொள்ளளவு. உள்ளே போடக்கூடிய ஊறிய உளுந்தின் அளவு அல்ல. இந்த வேறுபாட்டை ஆட்டிப் பழகியவர்கள் கையளவில் அறிவார்கள். "நீ போய் உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்று என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் ஊறிய உளுந்து முழுவதையும் விளிம்பு வரை நிரப்பி, சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டிய தண்ணீரை ஒரே சொம்பாக ஊற்றி, பொத்தானைத் திருப்பியிருக்கிறார். முதலில் தண்ணீரும் முழு உளுந்துமாக மூடியின் நடுத்துளை வழியே சிதறி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் ராகு காலத்தை மறைத்தன. பிறகு உளுந்து அரைபட அரைபட உப்பி, நடுத்தண்டின் மேலேறி, பாத்திரத்துக்கும் அடிப்பெட்டிக்கும் இடையே இறங்கத் தொடங்கியது. அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் மாவு கெட்டுவிடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாராம். பாத்திரத்தின் உட்சுவரில் இதற்கு மேல் போடாதே என்று ஒரு கோடு கீறியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இயந்திரத்தின் விலைக்கு அந்தக் கோடு ஒன்றும் பெரிய செலவல்ல.

பூட்டைப் பற்றியும் எனக்குப் புகார் உண்டு. கற்கள் பொருத்திய கையைக் கீழிறக்கி ஸ்பிரிங் கொக்கியை மாட்டினால்தான் கற்கள் சரியாக அழுந்தும். மாட்டாமலேயே இயந்திரம் ஓடுகிறது. கற்கள் குதித்து அடுப்படியே அதிரும்போது, பொத்தானை அணைப்பதற்குப் பதிலாகக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதை வடிவமைத்தவர் யோசித்திருக்க வேண்டும். இதை மட்டும் நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. கொக்கி மாட்டினால்தான் மோட்டார் சுழலும் என்ற ஏற்பாடு கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

மோட்டார் எவ்வளவு உறுதியானது என்பதை, அவர் அதைக் குளிப்பாட்டிய பிறகு தெரிந்துகொண்டோம். வழிந்த மாவைத் துடைக்கும் எண்ணத்தில் அடிப்பெட்டியோடு சேர்த்துக் குழாயடியில் வைத்துப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் நன்றாகக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். நான் வந்து பார்த்தபோது வயர் மட்டும் நனையாமல் கொடியில் மடித்துப் போடப்பட்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் அடிமூடியைக் கழற்றி, பெல்ட்டில் காய்ந்து ஒட்டியிருந்த உளுந்தை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, யாரும் எதுவும் சொல்லாமலே, "சார்தான் கழுவினாருங்களா?" என்று கேட்டார். உள்ளே தண்ணீர் போனால் உத்தரவாதம் செல்லாது என்று பணிவாகத் தெரிவித்து, பெல்ட்டை மாற்றி, மோட்டாரைக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்தார். இன்றுவரை ஓடுகிறது. விளம்பரத்தில் சொல்லியிருக்கும் எந்தச் சிறப்பைவிடவும் இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன்.

புளிக்க வைக்கும்போது நேர்ந்ததைக் கிரைண்டரின் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொரு பாத்திரம் தேய்க்கும் வேலை எனக்கு மிச்சமாகட்டும் என்று மாவு முழுவதையும் ஒரே தூக்குப் பாத்திரத்தில் விளிம்பு தட்ட ஊற்றி இறுக மூடிவைத்தார். நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வாயுவை வெளியிட்டு மாவை ஏறக்குறைய இரு மடங்காக்கும் நம் ஊர்க் கோடையில் காலையில் என்ன நடந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மிச்சமானது ஒரு பாத்திரம், கூடியது ஒரு மேடை, இரண்டு அலமாரி.

மற்றபடி சிறு குறைகள் சில உள்ளன. வயர் குட்டை, டைமர் கிடையாது, பாத்திரத்தைச் சாய்க்கும்போது கடைசிக் கரண்டி மாவு கல்லின் அடியில் தங்கிவிடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில், மாவாட்டுபவருக்குப் பதம் தெரிந்திருக்குமானால், இதைத் தயங்காமல் வாங்கலாம். உதவும் குணமுள்ள கணவர் இருக்கும் வீடென்றால், கொஞ்சம் விலை கூடினாலும் டைமர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, வந்த அன்றே உட்சுவரில் அளவுக் கோடொன்றை நீங்களே போட்டுவிடுங்கள். தேங்காய் துருவும் கருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கருவியும் இலவசமாக வந்தன. அவற்றை நான் பெட்டியோடு பரணில் வைத்திருப்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று அவர் ஆர்வத்தோடு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.