இறங்கவா, நகரவா? காரைக்குடியில் இரண்டு மாலை நேர ஓட்டுநர் வகுப்பு: ஒரு மதிப்புரை

காரைக்குடியில் உள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று, ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்காக இரண்டு மாலை நேர வகுப்பை நடத்துகிறது. கட்டணம் 600 ரூபாய். சுக்குக் காபியும் அதில் அடக்கம். வண்டி ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பு அன்று இது. மோதல் நிகழ்ந்த பின் ஓட்டுநர் சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும், இறங்கி நின்றால் அடி விழும் என்று தோன்றும் இடத்தில் அந்தக் கடமைகளில் எவை தளர்கின்றன, எவை தளராமல் நிற்கின்றன என்பதே முழுப் பாடமும். வகுப்பில் சொல்லத்தக்க பிழைகளும் இருந்தமையால் பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் சேர்ந்ததற்கான காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தேவகோட்டையிலிருந்து திரும்பும் வழியில், கிளைச் சாலையிலிருந்து ஏறிய இருசக்கர வாகனம் ஒன்று என் காரின் இடப்பக்கக் கதவில் உரசிச் சரிந்தது. ஓட்டி வந்த இளைஞருக்கு முழங்காலில் இரத்தம். நான் இறங்குவதற்குள் எதிரே இருந்த டீக்கடையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பானெட்டை ஓங்கித் தட்டினார், இன்னொருவர் சாவியை எடுக்கக் கண்ணாடி வழியாகக் கையை விட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் முதலில் அழைத்தது 108ஐ அன்று, என் மைத்துனரை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர் என் பானெட்டைத் தட்டிய அதே மனிதர்தான்.

பாடம் நடத்துபவர் காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாலை முழுவதையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஒன்றுக்கே ஒதுக்கியது அவர் செய்த மிகச் சரியான காரியம். விபத்தில் ஒருவர் காயமடைந்தாலோ பிறர் சொத்து சேதமானாலோ ஓட்டுநருக்கு வரும் கடமைகளை அப்பிரிவு சொல்கிறது: காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்க இயன்ற நடவடிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும், காவல் அதிகாரி கேட்டால் விவரம் தர வேண்டும், அதிகாரி யாரும் அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைத் தெரிவிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். அவர் இவற்றை வேகமாக ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பலகையில் எழுதி, யாருக்கு, எப்போது, எங்கே என்று எங்களையே கேட்டார்.

கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையைத் தூக்கினார். "தம்பி, நான் ஒத்தையில வண்டி ஓட்டுறவ. ராத்திரி நாலு பேரு கண்ணாடியத் தட்டுனா எறங்கவா சொல்றீக?" வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்த கேள்வி அது. ஏட்டையா சட்டத்தின் வாசகத்துக்கே திரும்பினார். கும்பலின் சீற்றத்தாலோ தம் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ இயலாமற் போனாலொழிய, காயமடைந்தவரை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும் என்பதே அந்த வாசகம். கும்பலுக்கு அஞ்சுவது கோழைத்தனம் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படி நேரும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டதும் அந்த ஆச்சி முகத்தில் தெரிந்த நிம்மதியை நானும் உணர்ந்தேன்.

ஆனால் அந்த நிம்மதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவர் அடுத்த கால் மணி நேரத்தில் காட்டினார். இந்த வகுப்புக்குக் கொடுத்த பணம் அங்கேயே செரித்துவிட்டது என்பேன். விதிவிலக்கு முதல் கடமைக்கு மட்டுமே பொருந்துகிறது. காவல் நிலையத்தில் தெரிவிக்கும் கடமைக்கு அது பொருந்தாது. மாறாக, மருத்துவ உதவிக்கு ஏன் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்ற காரணத்தையும் சேர்த்தே தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு கேட்கிறது. அதாவது, பயந்து நகர்ந்தவர் பேசாமல் இருக்க முடியாது. அவர்தாம் மற்றவரைவிட ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டியவர். நம் பக்கத்தில் பலர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கும் "அடிச்சா நிக்காதே, ரெண்டு நாள் கழிச்சு வக்கீலோட போ" என்ற அறிவுரை சட்டத்தின் முன் ஏன் நிற்காது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஸ்டேஷன் இருக்கிற தெசையில வண்டி போனா தகவல் சொல்லப் போறீக, வீடு இருக்கிற தெசையில போனா ஓடுறீக" என்றார் ஏட்டையா. அருகிலுள்ள நிலையம் என்பது நமக்குத் தெரிந்த எழுத்தர் இருக்கும் நிலையம் அன்று என்பதையும் இரண்டு முறை சொன்னார். தெரிவித்ததற்குச் சான்றாகக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கவும், நகர்ந்த உடனேயே ஆம்புலன்ஸுக்கான 108க்கும் அவசர உதவி எண்ணான 112க்கும் பேசவும் சொன்னார். அந்த அழைப்புகளின் நேரம் நம் கைபேசியிலேயே பதிவாகியிருக்கும்.

மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்திருந்த ஒருவர், அங்கும் 24 மணி நேரக் கணக்கே என்று சொன்னார். உண்மைதான்.

இரண்டாம் மாலை செய்முறை. பள்ளியின் பழைய காரில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பயிற்சியாளர்கள் நால்வர் சுற்றி நின்று கண்ணாடியைத் தட்டிக் கத்த, உள்ளே இருப்பவர் கதவைப் பூட்டிக்கொண்டு, கைபேசியில் ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஏட்டையாவே 108 ஊழியராகப் பேசுவார். நடிப்பு என்று தெரிந்தும் என் கை நடுங்கியது. எங்களில் எவராலும் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. "திருமயம் தாண்டி", "அந்தப் பெரிய ஆலமரத்துக்கிட்ட" என்றெல்லாம் உளறினோம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அந்தக் கல்லில் இருக்கும் ஊரையும் தொலைவையும் படியுங்கள், போதும் என்றார் அவர். முப்பது ஆண்டுகளாகத் திருச்சி–இராமேசுவரம் சாலையில் போய் வருகிறேன். கிலோமீட்டர் கல்லின் நிறத்தை அன்றுவரை கவனித்ததில்லை.

இனி குறைகள். வகுப்பில் தரும் கையேட்டுத் தாள் பழையது. 134ஆம் பிரிவை மீறினால் 500 ரூபாய் அபராதம் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய். அதே தாளில், மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் ஓடினால் பத்தாண்டுச் சிறை என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்பது சரி. ஆனால் லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, அச்சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இதைச் சுட்டிக்காட்டியபோது ஏட்டையா ஒப்புக்கொண்டார்; "பயமுறுத்தினாத்தான் கேக்குறாக" என்றும் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாண்டு என்று கேட்டு மிரண்டவர் காவல் நிலையத்தை நாடுவாரா, இன்னும் தொலைவுக்கு ஓடுவாரா என்பது ஐயமே.

மற்றொரு குறை, இந்த வட்டாரத்துக்கே உரிய சூழலை விட்டுவிட்டது. தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் குன்றக்குடிச் சாலையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவிலும் சாலையோரம் நடக்கிறார்கள். அங்கே ஒருவர் மீது வண்டி பட்டால் சூழ்ந்து நிற்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர், அடிபட்டவரின் அண்ணனும் மாமனும். அவர்களுடைய கோபமும் வேறு, அவர்கள் செய்யக்கூடிய உதவியும் வேறு. வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்டில் மோதினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இருபது நிமிடம் போயிற்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆம் பிரிவு விலங்கு என்று எண்ணுபவற்றில் யானையும் ஒட்டகமும் கோவேறு கழுதையும் இருக்கின்றன, நாய் இல்லை என்பது சுவையான செய்திதான். எங்கள் சாலைகளில் அடிக்கடி குறுக்கே பறக்கும் மயிலும் அதில் இல்லை.

சிகிச்சை பற்றிய பகுதி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. பணியிலுள்ள மருத்துவர் சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே கவனிக்க வேண்டும் என்பது அதே 134ஆம் பிரிவிலேயே உள்ளது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டமும் இருக்கிறது. செலவு தலையில் விழுமோ என்ற அச்சத்தால் அடிபட்டவரை விட்டு நகர்கிறவர்களுக்கு இவ்விரண்டும் தெரிந்திருப்பது நல்லது.

அறை சிறியது, மின்விசிறி ஒன்றுதான், ஆறு மணி வகுப்பு ஆறே முக்காலுக்கே தொடங்கியது. கையேட்டைத் திருத்தினால் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருவேன், இப்போதைக்கு மூன்றரை. இரவில் தனியாக ஓட்டுபவர்களும், வாடகை வண்டி ஓட்டும் தம்பிகளும் செய்முறை மாலைக்காகவாவது போக வேண்டும். நான் அந்தத் தாளில் இருந்த அபராதத் தொகையை அடித்துத் திருத்தி, பாலிசி எண்ணைப் பின்பக்கம் எழுதி, டாஷ்போர்டில் ஆர்.சி. நகலோடு வைத்திருக்கிறேன். மைத்துனரின் எண்ணை அதில் கடைசியாகத்தான் எழுதினேன்.